நிமிர்ந்து நின்ற ஐந்து எண்கள்

அத்தியாயம் 6

மூன்று பேரைக் கொன்ற வரைபடம் பார்க்க அழகாக இருந்தது.

மேஜை முழுவதையும் மூடிக் கிடந்தது அந்தத் தாள். வழவழவென்று வளைந்தோடும் பழுப்பு நிறக் கோடுகள், படிய வாரிவிட்ட தலைமுடியைப் போல. துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இடிந்த சுவர்களுக்கும் எரிந்த கிடங்குகளுக்கும் நஷ்டம் மதிப்பிட்டே தலை நரைத்த பெண்மணி அவர். அளவுக்கு மீறி அழகாக இருக்கும் எந்தக் காகிதத்தையும் அவருக்குப் பிடிக்காது.

எதிரே ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எலக்ட்ரீஷியன். வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்ததால் சட்டைப் பையில் டெஸ்டர் இன்னும் செருகியிருந்தது. தங்கை ஒரு வரைபட நிறுவனத்தில் ஆபரேட்டர். ட்ரோன் அளந்து வரும் உயரங்களைக் கணினியில் ஏற்றி, அவற்றிலிருந்து சம உயரக் கோடுகளை வரைந்து கொடுப்பது அவள் வேலை. மேஜையில் கிடந்தது அவள் வரைந்த தாள்தான்.

நடந்ததை அண்ணன் சொன்னார். ஒரு மலைச்சரிவில் மனை பிரித்து விற்றார்கள். இந்தத் தாளைப் பார்த்துத்தான் இன்ஜினியர் தடுப்புச் சுவர் எழுப்பினார். தாளில் சரிவு சீராக இறங்கியது. நிலத்திலோ ஓர் ஓடை இருந்தது. மழை வந்தால் மட்டும் ஓடும் ஓடை. தாளில் அது இல்லாததால் சுவரில் தண்ணீர் போக வழி வைக்கவில்லை. போன மாத மழையில் சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் சுவரையே பெயர்த்துக்கொண்டு கீழே வந்தது. கடைசி வீட்டில் ஒரு கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள். மூவரையும் சேற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

ஓடை ஏன் வரைபடத்தில் இல்லை என்று விசாரணையில் கேட்டார்கள். ஆபரேட்டர் கோடுகளை அளவுக்கு மீறி வழவழப்பாக்கிவிட்டாள், அதில் ஓடை அழிந்துவிட்டது என்றார் நிறுவனத்தின் முதலாளி. ஆபரேட்டரும் ஆமாம் என்றாள்.

“இன்னைக்குச் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய், என் கவனக்குறைவுதான்னு கையெழுத்துப் போடப் போறா,” என்றார் அண்ணன். “வீடு தேடி வந்து ஆறுதல் சொன்னதும் முதலாளி. வக்கீலைப் பிடிச்சதும் முதலாளி. எழுதிக் கொடுத்ததும் முதலாளி. இவ தலையை ஆட்டுறா. மூணு வாரமா சோறு இறங்கல. அந்த வீட்டைப் போய்ப் பார்த்துட்டு வந்தவ, அதுக்கப்புறம் வாயே திறக்கல.” சொல்லிக்கொண்டே மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

அதை எடுத்து வைத்தவன் பல்லி. துப்பறிவாளரின் உதவியாளன். ஆள் ஒல்லி, சுவர் ஓரமாக நிற்பான், யாராவது முக்கியமாக ஏதாவது சொன்னால் உடனே ஒரு சத்தம் கொடுப்பான். பெயர் அப்படி வந்தது.

“மேஜை நம்ம கட்சி சார். அதை அடிக்காதீங்க,” என்றான்.

“நான் பண்ணதுதான் மேடம்,” என்றாள் தங்கை. “அண்ணா சும்மா கோவப்படுறாரு.”

துப்பறிவாளர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது, இறங்கும். காலையில் அண்ணனும் தங்கையும் உள்ளே வந்ததிலிருந்து அது படிப்படியாக இறங்கிக்கொண்டிருப்பதைப் பல்லி கவனித்திருந்தான்.

“என்ன பண்ணீங்கன்னு முதல்ல எனக்குப் புரியணும். பாடம் எடுங்கம்மா. இவனுக்கும் புரியற மாதிரி.”

“எனக்குப் புரிஞ்சிட்டா அப்புறம் நாட்டுல யாருக்கும் புரியாமப் போகாது,” என்றான் பல்லி.

அவள் முதலில் தயங்கினாள். பிறகு தாளில் விரலை வைத்தாள். ஒரே கோட்டில் இருக்கும் எல்லா இடமும் ஒரே உயரம் என்றாள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. ஓடை குறுக்கிடும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு கோடும் மேட்டுப் பக்கமாக உள்ளே குத்தும், அம்பு முனை மாதிரி. அந்த முனைகளை வரிசையாகப் பார்த்தால் தண்ணீர் வரும் வழி கண்ணுக்குத் தெரியும்.

கணினி முதலில் போடும் கோடு அசிங்கமாக இருக்கும் என்றாள். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக அளப்பதால் கோடு படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து வரும். அதைச் சீராக்க இரண்டு வழி. கோட்டைப் போட்ட பிறகு கோட்டையே வளைப்பது ஒன்று. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கோடு தன் உயரத்தை விட்டு நகர்ந்துவிடும். சில இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நிலத்தின் உயரத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் அக்கம்பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்து, அதற்குப் பிறகு கோடு போடுவது மற்றொன்று. அவள் எப்போதும் இரண்டாவது வழியில்தான் போவாள். இந்தத் தாளைப் பார்த்த முதலாளி, இன்னும் கரடுமுரடாக இருக்கிறதே என்றார். சராசரி எடுக்கும் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

“அதுலதான் ஓடை போயிடுச்சு,” என்று முடித்தாள். பாடம் எடுக்கும்போது தெளிந்திருந்த முகம் மறுபடியும் மூடிக்கொண்டது.

“ஓடை எங்க இருந்துச்சு?”

அவள் தாளைப் பார்க்காமலே விரலை வைத்தாள். அங்கே கோடுகள் எந்தக் குத்தலும் இல்லாமல் பரந்து ஓடின. துப்பறிவாளர் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த இடத்தை விட்டுவிட்டுத் தாளின் இடது ஓரத்துக்குப் போனார். அங்கே, மனைகளின் எல்லைக்கு வெளியே, வெறும் தரிசு நிலத்தில், வரிசையாக அம்பு முனைகள்.

“இது என்னம்மா?”

“அதுவும் ஒரு ஓடைதான். சின்னது. ஒரு ஆள் தாண்டிடலாம்.”

“அந்த வீட்டுக்கு மேல இருந்தது?”

“லாரி போகலாம் மேடம், அவ்வளவு அகலம்.”

“சராசரி எடுத்தீங்களே, அது மொத்தத் தாளுக்குமா, இல்ல ஒரு மூலைக்கு மட்டுமா?”

“மொத்தத்துக்கும்தான். ஒரே தடவையா...” அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை.

துப்பறிவாளர் கண்ணாடியை மேஜையில் வைத்தார். “ஒரு ஆள் தாண்டுற பள்ளம் பிழைச்சிருக்கு. லாரி போற ஓடை காணாமப் போயிருக்கு. சராசரிக்கு ஆள் பார்த்துப் பழகத் தெரியுமாம்மா?”

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தங்கையின் முகத்தில் நிம்மதி ஒன்றும் வரவில்லை. யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல உட்கார்ந்திருந்தாள். தான் தாளை அனுப்புமுன் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும், ஏன் கண்ணில் படவில்லை என்று தனக்குள் முணுமுணுத்தாள். சம்பவம் நடந்த மறுநாளே அவளுடைய கணினியை முதலாளி பூட்டிவிட்டதால் அதைத் திறந்து சரிபார்க்கவும் அவளுக்கு வழியில்லை. அச்சிட்ட தாளை மட்டுமே பார்த்துப் பார்த்துத் தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருக்கிறாள்.

இதற்குள் பல்லி மேஜையை இரண்டு சுற்று சுற்றி வந்துவிட்டான். கழுத்தைச் சாய்த்து எண்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

“ஒரு விஷயம் பாஸ். கோட்டு மேல உயரம் போட்டிருக்காங்க பாருங்க, எல்லாத்தையும் கவுத்துப் போட்டுட்டாங்க. படிக்கிறதுக்குள்ள கழுத்து சுளுக்கிடுச்சு. மொத்தத் தாள்லயும் அஞ்சே அஞ்சு எண்தான் ஒழுங்கா நிமிர்ந்து நிக்குது. அதையாவது சரியாப் போட்டாங்களேன்னு சந்தோஷப்பட வேண்டியதுதான்.”

“எந்த அஞ்சு?” தங்கை தாளைத் தன் பக்கம் இழுத்தாள். இழுத்த வேகத்தில் மூலை கிழிந்தது. அவள் கவலைப்படவில்லை.

எண்ணின் தலை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது வரைபட வேலையின் பழக்கம். இந்தத் தாளில் மலை கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே எண்கள் தலைகீழாகத் தெரிவதுதான் சரி. மென்பொருள் அதைத் தானாகவே செய்துவிடும். கோடு போடும்போது உயர்ந்த நிலத்தை எப்போதும் தன் இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே அது போகும். கோடு போகும் திசையைப் பார்த்து எண் உட்காரும். இதை அவள் ஒரே மூச்சில் சொன்னாள். 

“அப்ப நிமிர்ந்து நிக்கிறதுதான் கோணலா?” என்றான் பல்லி.

“அது சாஃப்ட்வேர் போட்ட கோடே இல்ல. பழைய கோட்டை வெட்டி எடுத்துட்டு நடுவுல யாரோ கையால ஒட்டுப் போட்டிருக்காங்க. இடமிருந்து வலமா, நாம எழுதற மாதிரி. நான் போட்டா இப்படிப் போட மாட்டேன். தெரிஞ்ச யாரும் போட மாட்டாங்க.”

ஐந்து எண்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக, செத்தவர்களின் வீட்டுக்கு நேராக, மேட்டுப் பக்கத்தில் நின்றன.

 பிறகு துப்பறிவாளர் அலுவலகத்தில் யார் யார் என்று விசாரித்தார். இன்னோர் ஆபரேட்டர் உண்டு. அந்தச் சமயத்தில் பிரசவ விடுப்பில் இருந்தாள். முதலாளிக்குக் கணினி தெரியாது, எல்லாரிடமும் அவரே சொல்லுவார். மனை போட்டு விற்றவர் முதலாளியின் தங்கை கணவர் என்பதையும் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“மச்சானா?” துப்பறிவாளரின் கண்கள் சுருங்கின. ஓடை இருந்தால் அந்த இடத்தில் மனை விற்க முடியாது. ஓடையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டால் விற்கலாம். அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. “கிளம்புங்க,” என்றார்.

காரில் ஏறும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. பல்லியை மட்டும் ஓரமாக நிறுத்தி, இன்று அவன் என்ன வேண்டுமானாலும் பேசலாம், எதையும் அடக்கிக்கொள்ள வேண்டாம் என்றார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு உத்தரவு வந்ததே இல்லை. உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று பல்லி விசாரித்தான். நான் கண்ணைக் காட்டும்போது ஆரம்பி, அந்த ஆள் கோபப்படும் வரை நிறுத்தாதே என்றார் அவர்.

வரைபட நிறுவனம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியேறும் வரை ரப்பர் வாடை; கதவைத் திறந்ததும் மை வாடை. மூலையில் ஆள் நீளத்துக்கு ஓர் அச்சு இயந்திரம், பிளாஸ்டிக் உறை மூடி. ஜன்னல் மேடையில் ட்ரோன் பேட்டரிகள் சின்னப் பச்சை விளக்கோடு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. சுவர்கள் முழுக்கச் சட்டம் போட்ட வரைபடங்கள். ஒரு சட்டமும் ஓர் இழை கூடச் சாய்ந்திருக்கவில்லை. அவளுடைய நாற்காலியின் முதுகில் அவள் விட்டுப்போன சால்வை அப்படியே கிடந்தது.

முதலாளி வெள்ளைச் சட்டையும் மென்மையான குரலுமாக எதிரே வந்தார். “சாப்பிட்டியாம்மா? முகமெல்லாம் வாடிப் போச்சே,” என்று அவளிடம் கேட்டார். அண்ணனைத் தம்பி என்று அழைத்துத் தோளைத் தொட்டார். அவள் என் மகள் மாதிரி, கடைசி வரைக்கும் நான் கூட நிற்பேன் என்று துப்பறிவாளரிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் ஒரு சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

துப்பறிவாளர் மிகவும் பணிவாகப் பேசினார். அவள் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருக்கிறாள்; ஆனால் தப்பு எப்படி நடந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமே; ஒரு தடவை அவளே செய்து காட்டினால் நல்லது என்றார். முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. கணினியில் ஒட்டியிருந்த ‘தொடாதே’ என்ற சீட்டைக் கிழித்தெடுத்து, பூட்டைத் திறக்கும் சொல்லை அவளிடம் சொன்னார்.

“நீங்களே ஒரு தடவை பார்த்திருக்கலாமே சார்?”

“நானா? நான் பழைய ஆளு மேடம். மவுஸைத் தொட்டா ஏதாவது அழிஞ்சிடுமோன்னு பயம்.”

மச்சானைப் பற்றிக் கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை. தங்கை வீட்டுக்காரர்தான், அதற்கென்ன என்றார். எதிர்ச் சுவரில் இருந்த பெரிய வண்ணப் படத்தைப் பெருமையோடு காட்டினார். அதே மனைகள், பச்சைப் பின்னணியில் பொன்னிறக் கோடுகள். மனைகளின் நுழைவாயில் பலகையில் இருப்பதும் இதே படம்தான் என்றார். துப்பறிவாளர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். அதன் நான்கு விளிம்புகளையும் பார்த்தார்.

அவள் அதே உயரங்களை எடுத்து, அதே வட்டத்துக்குச் சராசரி எடுத்து, கோடு போடச் சொன்னாள். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வீட்டுக்கு மேட்டுப் பக்கத்தில் ஐந்து கோடுகளும் உள்ளே குத்தி நின்றன. முனை கொஞ்சம் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். சின்னக் குழந்தை பார்த்தால்கூட ஓடை என்று சொல்லும்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

முதலாளி திரையை உற்றுப் பார்த்தார். கணினி ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது, அன்றைக்கு ஏதாவது கோளாறாக இருந்திருக்கும் என்றார்.

“இருக்கலாம்,” என்றார் துப்பறிவாளர். “அம்மா, வேற ஏதாவது இடம் எடுங்க. சராசரி எதுவும் எடுக்காம, கம்ப்யூட்டர் முதல்ல போடற கோடு எப்படி இருக்கும்னு பார்க்கணும்.” பிறகு பல்லியைப் பார்த்தார்.

திரையின் கீழ்ப்பக்கத்தில் உடைந்து உடைந்து ஒரு மலை வந்து நின்றது. பல்லி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தான்.

“இதுக்கா சார் கம்பெனி? எலி கடிச்ச பாய் மாதிரி இருக்கு.”

முதலாளி, அது முடிக்காத வேலை என்று விளக்கினார்.

“முடிச்சா மட்டும்? எங்க அக்கா பையன் முதல் தடவை கத்தரிக்கோல் பிடிச்சு வெட்டுன காகிதம் இதைவிட நேரா இருந்துச்சு. அதையும் அக்கா குப்பையிலதான் போட்டா.”

சராசரி வட்டத்தைக் கூட்டும்படி முதலாளி அவளிடம் சொன்னார். துப்பறிவாளர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பல்லி திரைக்கு அருகில் போய் மூக்கை நீட்டிப் பார்த்தான். ஓரிடத்தில் கோடுகள் உள்ளே குத்திக்கொண்டு நின்றன.

“ஐயய்ய, இந்த இடத்தைப் பாருங்க. கிழிஞ்ச சட்டையைக் கண்ணு தெரியாதவன் தைச்ச மாதிரி. கீழ உங்க பேரு வேற பெரிசா போட்டிருக்கீங்க. அதை மட்டும் அழிச்சிடுங்க சார், மானமாவது மிஞ்சும்.”

முதலாளியின் காதுகள் சிவந்தன. கைக்குட்டை கைக்குள் உருண்டையாகியிருந்தது. “ஊர்ல எவன்கிட்ட வேணா கேட்டுப் பாரு. என் ஷீட்டைப் பார்த்து ஒருத்தன் இப்படிச் சொன்னதில்ல.”

“கேட்கிறதுக்கு எங்க சார் நேரம், இதைப் பார்த்த கண்ணை முதல்ல கழுவணும்.”

“தள்ளும்மா,” என்றார் முதலாளி.

அவள் எழுந்துகொண்டாள். அவர் உட்கார்ந்தார். மவுஸ் அவர் கைக்குள் போனது, பல வருடப் பழக்கத்தில் சமையல்காரர் கைக்குள் கரண்டி போவது போல. கோட்டை வெட்டினார், நடுத்துண்டை எடுத்தார், இடப்பக்கத்து முனையில் தொட்டு வலப்பக்கத்து முனைக்கு இழுத்தார். நாலே நாலு தட்டு. கடைசித் தட்டு இரட்டைத் தட்டு. அடுத்த கோடு. அதற்கடுத்தது. நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, சுற்றி ஆட்கள் நிற்பதையே மறந்து, அவர் இழுத்துக்கொண்டே போனார். உள்ளே குத்தியிருந்த முனைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. புதுக் கோடுகளின்மேல் எண்கள் தாமாக வந்து உட்கார்ந்தன.

“இப்பப் பாரு,” என்றார் பல்லியிடம். குரலில் உண்மையான பெருமை இருந்தது. “இப்ப எப்படி இருக்கு?”

பல்லி திரையை விட்டு விலகி நின்றான்.

“ரொம்ப அழகா இருக்கு சார்,” என்றார் துப்பறிவாளர். அவர் குரல் ஏறக்குறைய கேட்கவில்லை. “மவுஸைத் தொட்டா ஏதாவது அழிஞ்சிடும்னு சொன்னீங்க. உண்மைதான். இப்ப ஒரு ஓடை அழிஞ்சிடுச்சு.”

முதலாளி திரையைப் பார்த்தார். சுற்றிலும் எல்லா எண்களும் தலைகீழாக நிற்க, அவர் போட்டவை மட்டும் நிமிர்ந்து நின்றன. மவுஸிலிருந்து கையை எடுத்தார், சுட்டுவிட்டது போல.

அச்சிட்ட தாளைத் துப்பறிவாளர் அவர்முன் விரித்தார். ஐந்து எண்களையும் விரலால் தொட்டுக் காட்டினார். “உங்க மச்சான் எடுக்கச் சொன்னாரா?”

“அவரா?” முதலாளி நிஜமாகவே விழித்தார். “அவருக்கு இந்தக் கோடெல்லாம் என்னன்னே தெரியாதும்மா. அது பலகைக்குப் போற படம். நட்ட நடுவுல அஞ்சு கோடு உள்ள குத்திக்கிட்டு நின்னுச்சு. கண்ணை உறுத்துச்சு. நேர் பண்ணேன்.”

“இன்ஜினியருக்கு?”

“அதே ஃபைல்தான் போச்சு.”

காலையிலிருந்து துப்பறிவாளர் மனத்துக்குள் கட்டி வைத்திருந்த வழக்கு அந்த இடத்தில் சரிந்தது. சதி இல்லை. பேராசை இல்லை. மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. எல்லைக்கு வெளியே இருந்த சின்னப் பள்ளம் தப்பித்ததற்குக் காரணம், அது பலகையின் விளிம்புக்கு அந்தப் பக்கம் விழுந்ததுதான். இந்த மனிதருக்கு ஓடை என்பது தண்ணீர் வரும் வழியாகத் தெரியவில்லை. படத்தில் விழுந்த ஒரு சுருக்கமாகத் தெரிந்திருக்கிறது. இஸ்திரி போட்டுவிட்டார். ஒரு குற்றவாளியைப் பிடிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு ஆளைப் பார்த்தது துப்பறிவாளரின் கோபத்தை இரட்டிப்பாக்கியது.

“நீங்க அழிச்சதுதான் காரணம்னு எப்பத் தெரியும்?”

முதலாளி கைக்குட்டையைப் பிரித்தார், மடித்தார்.

“எப்ப சார்?”

“டிவியில சுவரைக் காட்டினப்ப.”

“இவங்க வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்னீங்களே. அது அதுக்கு அப்புறமா?”

அவர் தன் சொந்த மகளைப் பற்றியும், நிறுவனத்தை நம்பியிருக்கும் குடும்பங்களைப் பற்றியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவளுக்குச் சின்னத் தண்டனைதான் வரும், சின்ன வயது, சமாளித்துக்கொள்வாள் என்று வக்கீல் சொன்னாராம். யாரும் குறுக்கிடாததால் அந்தப் பேச்சு தானாகவே தேய்ந்து நின்றது.

அண்ணன் இரண்டே எட்டில் அவர் நாற்காலிக்கு வந்துவிட்டார். பல்லி இடையில் புகுந்து அண்ணனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான்.

“ஆப்பிள் வாங்கிட்டு வந்தான்,” என்றார் அண்ணன், யாரிடம் என்றில்லாமல். “எல்லாரும் தப்புப் பண்றது சகஜம்தான்னு என் தங்கச்சி தலையில கையை வெச்சுச் சொன்னான். அவ இவன் காலைத் தொட்டுக் கும்பிட்டா. நான் வாசல் வரைக்கும் போய், குடை பிடிச்சு, இவனைக் கார்ல ஏத்தி விட்டேன். தேங்க்ஸ் சொன்னேன். என் வாயால தேங்க்ஸ் சொன்னேன்.”

“அடிச்சிடாதீங்க,” என்றான் பல்லி மெதுவாக. “அடிச்சா அந்த ஆளுக்கு ஒரு கேஸ் கிடைச்சிடும்.”

தங்கை நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். திரையில் சற்றுமுன் அவர் இழுத்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அவள் முகத்தில் இருந்த அந்த மூட்டம் போய்விட்டது. அதன் இடத்தில் வந்திருந்தது நிம்மதி இல்லை.

“எந்திரிங்க சார்,” என்றாள். “அது என் சீட்டு.”

அவர் எழுந்தார். அவள் சால்வையை நாற்காலியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவர் போட்ட கோடுகளை அழித்தாள். ஓடை திரும்பி வந்தது.

“வேற எந்த ஷீட்ல எல்லாம் இப்படி நேர் பண்ணீங்க?”

துப்பறிவாளர் நிமிர்ந்தார். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

“எல்லாம் ஞாபகம் இருக்குமாம்மா?” என்றார் முதலாளி. “நீங்கல்லாம் வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை பார்ப்பேன். உறுத்துறதை மட்டும்...”

“எத்தனை வருஷமா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னல் கண்ணாடியில் தூறல் கனத்து மழையாகியிருந்தது.

அவள் கணினியில் பழைய கோப்புகள் இருந்த பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு தாளாகத் திரையில் விரித்தாள். முதல் தாள் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில், சில எண்கள் மட்டும் தலைமாறி நின்ற இடத்தில், கை நின்றது. பல்லி அண்ணனை விட்டுவிட்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.  மேஜையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு எழுதத் தயாராக நின்றான்.

“பஸ் டெப்போவுக்குப் பின்னாடி ரெண்டு தெரு,” என்றாள் அவள். “குடி வந்து வருஷமாச்சு.” அடுத்த தாளை விரித்தாள். “இதுல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு.”

துப்பறிவாளரின் கைப்பேசி அடித்தது. இன்ஸ்பெக்டர். அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட எப்ப வருது, நேரம் ஆகுது இல்ல என்று எரிச்சலோடு கேட்டார். துப்பறிவாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இந்த முறை உரத்த குரலில் பேசினார்.

“அவங்க அங்க வர மாட்டாங்க இன்ஸ்பெக்டர். நீங்க இங்க வாங்க. தனியா வராதீங்க, எத்தனை பேர் கிடைக்கிறாங்களோ அத்தனை பேரையும் கூட்டிட்டு வாங்க. மழை பிடிச்சிடுச்சு. வீடு வீடாப் போய் ஆட்களை வெளிய கூட்டிட்டு வரணும்.”